லண்டனில் சிறு தொழில் தொடங்குகிறீர்களா? வாகனத்தை யோசித்து வாங்குங்கள்

லண்டனுக்கு வந்து ஓரளவு நிலைப்பட்டதும் நம்மவர் பலர் சொந்தமாக ஒரு சிறு தொழில் தொடங்குகிறார்கள். குழாய் வேலை, மின்வேலை, மணவறை அலங்காரம், விழாக்களுக்குச் சாப்பாடு செய்து கொடுப்பது என்று பல. கடை வாடகை கட்ட முடியாத அந்தத் தொடக்க காலத்தில் உங்கள் வாகனம்தான் உங்கள் பெயர்ப்பலகை. கடனில் ஒரு பென்ஸோ பிஎம்டபிள்யூவோ எடுத்தால்தான் மதிப்பு என்று சொல்பவர்கள் இருப்பார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். வீட்டில் தண்ணீர் ஒழுகும்போது ஆள் தேடுபவர் பார்ப்பது சுத்தமான ஒரு வான் வண்டியையும், அதில் தெளிவாகத் தெரியும் தொலைபேசி இலக்கத்தையும்தான்.

வாகனம் தேடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாணவர் விசாவில் இருப்பவர்கள் சுயதொழில் செய்யக் கூடாது. வாகனத்தில் பெயர் எழுதி ஓடினால் அதுவே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். அப்புறம், இலங்கை அல்லது இந்திய லைசென்ஸில் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓடலாம். அதை இங்கத்தைய லைசென்ஸாக நேரே மாற்ற முடியாது. எழுத்துப் பரீட்சை, ஓட்டுப் பரீட்சை இரண்டும் எடுத்தே ஆக வேண்டும். கடைசி மாதம் வரை விட்டுவைக்காதீர்கள்.

பழைய டீசல் வான்கள் மலிவாகக் கிடைக்கும். அதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ் எனப்படும் புகைக்கட்டுப்பாட்டு வலயம் லண்டனின் எல்லாக் கவுன்சில் பகுதிகளுக்கும் விரிந்துவிட்டது. ஈஸ்ட்ஹாம், ஹரோ, டூட்டிங், குரொய்டன் எல்லாம் அதற்குள் அடக்கம். தரத்துக்கு வராத வாகனம் ஓடினால் நாளொன்றுக்கு 12.50 பவுண். வாரத்தில் ஐந்து நாள் வேலைக்குப் போனால் 62.50 பவுண், அது ஒரு மாதத்தில் 250-ஐத் தாண்டும். ஐரோப்பியப் புகைத் தர அளவில் பெற்றோல் என்றால் யூரோ 4, டீசல் என்றால் யூரோ 6 தரம் வேண்டும். விற்பவர் சொல்வதை நம்பாமல், லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் இலக்கத் தகட்டு எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள்.

என்ன வகை வாங்கலாம்? தனியாளாகத் தொழில் செய்பவருக்கு சித்ரோன் பெர்லிங்கோ, ஃபோர்ட் ட்ரான்சிட் கனெக்ட், ரெனோ கங்கூ அளவிலான சிறிய வானே என் தெரிவு. பக்கங்கள் தட்டையாக, எழுத்துக்கு இடம் தருவதாக இருக்கும். ஊர்ச் சாலையில் பார்க் பண்ணுவதும் சுலபம். குடும்பத்தையும் ஏற்ற வேண்டும் என்றால் பெர்லிங்கோவில் கார் வடிவமும் உண்டு. நிறம் வெள்ளையாக இருக்கட்டும். பிற்பாடு எழுத்தை உரித்து விற்கும்போது, வெயிலில் மங்கிய நிறத்துக்கு நடுவே பழைய எழுத்தின் தடம் வெள்ளையில் அவ்வளவாகத் தெரியாது. ஒன்றை மறக்காதீர்கள்: நடுவே தடுப்பில்லாத, காருக்கு மணிக்கு 60 மைல் எல்லையுள்ள சாலையில் வானுக்கு 50 மைல்தான் எல்லை. கார் போலத்தான் இருக்கிறதே என்று ஓடினால் அபராதம் வீடு தேடி வரும்.

காப்புறுதியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வந்தவர்களை இதுதான் அதிகம் பாதிக்கும். சாதாரணக் கார் காப்புறுதி வேலைக்குப் போய்வருவது வரைதான் தாங்கும். கருவிகளோடு வீடு வீடாகப் போகத் தொழில் பாவனை என்று தனியாக எடுக்க வேண்டும். சொந்தச் சாமான் ஏற்றுவது வேறு, கூலிக்கு அடுத்தவர் சாமான் கொண்டு போவது வேறு. அடுத்தவர் கடைச் சாப்பாட்டை டெலிவரி செய்வது இரண்டாவது வகை. வாகனத்தில் பெயர் எழுதப் போவதையும் நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், ஏனென்றால் பல நிறுவனங்கள் அதை வாகனத்தில் செய்த மாற்றமாகத்தான் எடுத்துக்கொள்ளும். தகுந்த காப்புறுதி இல்லாமல் பொலிஸில் அகப்பட்டால் 300 பவுண் அபராதமும் லைசென்ஸில் 6 அபராதப் புள்ளிகளும். இங்கே பரீட்சையில் தேறி இரண்டு வருஷம் ஆகுமுன் 6 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே போய்விடும், மீண்டும் முதலிலிருந்து பரீட்சை எடுக்க வேண்டும். பெரிய எழுத்தில் தொழிலின் பெயரைச் சுமந்துகொண்டு "இது என் சொந்தப் பாவனைக்கு" என்று யாரிடமும் சொல்ல முடியாது.

வரி விஷயம் சுருக்கமாக. வாகனத்தில் விளம்பரம் இருப்பதால் மட்டும் கோயிலுக்குப் போகும் ஓட்டம் தொழில் ஓட்டம் ஆகாது. வரித் துறை அதை ஏற்பதில்லை. லிமிட்டெட் கம்பனி பெயரில் கார் வாங்கிச் சொந்தமாகவும் பாவித்தால் அந்தச் சலுகைக்கு உங்கள் மேல் வரி விழும். மின்சாரக் காருக்கு அது மிகக் குறைவு. வாங்குவதற்கு முன் கணக்காளரோடு ஒருமுறை பேசுங்கள்.

சரி, எழுத்துக்கு வருவோம். மூன்றே விஷயம் போதும்: என்ன வேலை, எந்தப் பகுதி, எந்த இலக்கம். பத்துச் சேவைகளை வரிசையாக எழுதினால் ஓடும் வாகனத்தில் ஒன்றையும் யாரும் படிக்க மாட்டார்கள். நெரிசலில் உங்களுக்குப் பின்னால் நிற்பவருக்குத்தான் படிக்க அதிக நேரம் கிடைக்கும். ஆகவே இலக்கம் பின்கதவில் பெரிதாக இருக்க வேண்டும். இரட்டைக் கதவென்றால் நடுக்கோட்டில் இலக்கம் பிளந்து போகாமல் பாருங்கள். இழுவைக் கதவு திறந்தால் பின்னால் உள்ள எழுத்தை மறைக்கும், அதையும் திறந்து பார்த்தே இடம் குறியுங்கள். முழு வானையும் வேறு நிறத் தாளால் போர்த்தினால் லொக் புக் எனும் வாகனப் பதிவுப் பத்திரத்தில் நிறத்தை மாற்றி, வாகனப் பதிவுத் துறையான டிவிஎல்ஏவுக்கு அறிவிக்க வேண்டும். அவ்வளவு செலவு ஆரம்பத்தில் தேவையில்லை. வெட்டி ஒட்டும் எழுத்தே போதும்.

வீட்டு வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். சில அடுக்குமாடித் தொகுதிகளில் பெயர் எழுதிய வானை நிறுத்த விடமாட்டார்கள். இலவச விளம்பரம் என்று தெருவோரப் புல்தரையில் விட்டுவைத்தால் கவுன்சில் டிக்கெட் தரும். ஆடித் திருவிழா நாட்களில் ஈலிங் அம்மன் கோயில் பக்கம் கூட்டம் பார்க்கட்டும் என்று மஞ்சள் கோட்டில் நிறுத்துவதும் அப்படித்தான்.

தமிழிலும் எழுதுங்கள் என்றே சொல்வேன். நம் வயதானவர்கள் அந்த எழுத்தைக் கண்டால் கூப்பிட்டுப் பேசுவார்கள். ஆனால் எழுத்து ஒட்டும் கடைகளில் பலவற்றின் கணினியில் தமிழ் சரியாக வராது. கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து, "கோ" என்பது வேறெதுவோ ஆகிவிடும். எழுத்தை வரைகோடாக (அவுட்லைன்) மாற்றிய பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். வெட்டுவதற்கு முன் மாதிரியைக் கேட்டு வாங்கி, தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரிடமும் காட்டி, எழுத்தெழுத்தாகப் படித்த பிறகே சம்மதம் சொல்லுங்கள்.