பழைய ஜெர்மன் ஆவணங்களின் தேதியைக் கண்டறியும் முறை

15, 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் கடிதங்களைப் புதிதாகப் படிக்க வருபவரைத் தடுமாறச் செய்வதில் கையெழுத்துக்கு அடுத்தது தேதிதான். மாதமும் நாளும் எண்ணில் இருப்பது அரிது. ‘மார்ட்டின் திருநாளுக்குப் பிந்தைய செவ்வாய்’ என்றே எழுதியிருப்பார்கள். கையெழுத்து ஓரளவு பழகிவிட்டது என்று கொண்டு, இத்தகைய தொடரை இன்றைய தேதியாக மாற்றும் வழியை மட்டும் விளக்குகிறேன்.

படி 1: ஆவணம் எழுதப்பட்ட ஊரையும் அதன் மறைமாவட்டத்தையும் (ஓர் ஆயரின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதி) முதலில் குறித்துக்கொள்ளுங்கள். புனித மார்கரெட்டின் திருநாள் இடத்துக்கேற்ப ஜூலை 12, 13, 15, 20 என்று மாறும். கிழமைப் பெயர்களும் மாறும்: பவேரியாவில் செவ்வாய் ‘எர்டாக்’, வியாழன் ‘ப்ஃபின்ஸ்டாக்’, ஆக்ஸ்பர்க் பக்கம் செவ்வாயை ‘ஆஃப்டர்மோன்டாக்’, அதாவது திங்களுக்குப் பின் வருவது, என்பார்கள்.

படி 2: திருநாள் நிலையானதா, ஈஸ்டரோடு நகர்வதா என்று பாருங்கள். மார்ட்டின் திருநாள் எப்போதும் நவம்பர் 11. எடுத்துக்காட்டாக, 1525-இல் ஈஸ்டர் ஏப்ரல் 16 என்பதிலிருந்து எண்ணினால் அந்த நவம்பர் 11 சனிக்கிழமை. ஆகவே பிந்தைய செவ்வாய் நவம்பர் 14. ‘இன்வோகாவிட்’ என்பது தவக்காலத்தின் முதல் ஞாயிறு, ஈஸ்டருக்கு 42 நாள் முந்தையது. 1522-இல் ஈஸ்டர் ஏப்ரல் 20 ஆதலால் அது மார்ச் 9. விட்டன்பர்க் திரும்பிய சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் தம் புகழ்பெற்ற மறையுரைகளைத் தொடங்கியது அன்றுதான்.

இதற்கு 1898-இல் முதலில் வெளிவந்த ஹெர்மன் குரோட்டஃபெண்டின் காலக்கணிப்புக் கையேடே என் தேர்வு. ஈஸ்டர் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரையிலான 35 நாள்களில் ஒன்றில்தான் வரும் என்பதால், 35 நாள்காட்டிகளுக்குள் எல்லா ஆண்டுகளும் அடங்கிவிடுகின்றன. இணையக் கணிப்பான்கள் விரைவானவையே. ஆனால் விடையை மட்டும் தருவதால், பிழை எந்த இடத்தில் நுழைந்தது என்பது தெரிவதில்லை.

படி 3: ‘ஆபென்ட்’ என்ற சொல்லைக் கண்டால் நின்று படியுங்கள். இன்றைய ஜெர்மனில் அது மாலைப்பொழுது. ‘மார்ட்டின்ஸ் ஆபென்ட்’ என்பதைத் திருநாளன்று மாலை என்றே கொண்டு நான் நவம்பர் 11 என்று பல ஆவணங்களில் குறித்துவைத்திருந்தேன். ஒரு கடிதத்துக்கு அதே ஊரிலிருந்து வந்த பதில், கடிதத்துக்கு ஒரு நாள் முன்பே எழுதப்பட்டதாகத் தெரிந்தபோதுதான் தவறு புரிந்தது. அது முந்தைய நாளாகிய திருவிழிப்பு, நவம்பர் 10. லூத்தர் பேராயர் ஆல்பிரெக்ட்டுக்கு எழுதிய கடிதமும் அனைத்துப் புனிதர் திருவிழிப்பு என்றே, லத்தீனில், தேதியிடப்பட்டது. அதைத்தான் நாம் 1517 அக்டோபர் 31 என்கிறோம். வட ஜெர்மனியில் சனிக்கிழமையை இன்றும் ‘ஸோன்னாபென்ட்’, ஞாயிற்றின் முந்தைய நாள், என்று சொல்வதை நினைவில் வைத்தால் இது மறக்காது.

படி 4: ஆண்டு எந்நாளில் தொடங்கியது என்று சரிபாருங்கள். மைன்ஸ் உள்ளிட்ட பல இடங்களில் அது கிறிஸ்துமஸில் தொடங்கியது. ஆகவே அங்கே ‘1450, மாசற்ற குழந்தைகள் திருநாள்’ என்பது நம் கணக்கில் 1449 டிசம்பர் 28. ட்ரியரில் மார்ச் 25-இல்தான் ஆண்டு பிறந்தது. அங்கே 1450 பிப்ரவரி 2 என்பது நமக்கு 1451. படி 1-இல் ஊரை முதலில் கேட்டதற்கு இதுவே பெரிய காரணம்.

பிற்சேர்க்கை: 17-ஆம் நூற்றாண்டுக் கடிதத்தில் விடை பத்து நாள் பிசகுவதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். பவேரியா போன்ற கத்தோலிக்கப் பகுதிகள் 1583-இல் கிரெகோரிய நாள்காட்டிக்கு மாறின. பெரும்பாலான புராட்டஸ்டன்ட் பகுதிகள் 1700 வரை, 17-ஆம் நூற்றாண்டில் அதைவிடப் பத்து நாள் பின்தங்கியிருந்த பழைய ஜூலியன் நாள்காட்டியையே கைக்கொண்டு, அவ்வாண்டு பிப்ரவரி 18-க்கு மறுநாளை மார்ச் 1 ஆக்கின. அதனால்தான் சுவீடன் மன்னர் குஸ்டாவ் அடால்ஃப் வீழ்ந்த லூட்சன் போர் 1632 நவம்பர் 6/16 என இரட்டைத் தேதியில் குறிக்கப்படுகிறது. 1583-க்குப் பிந்திய ஆவணமாயின், மூலச் சொற்களை அப்படியே எழுதி, மாற்றிய தேதியருகே எந்த நாள்காட்டி என்பதையும் குறித்துவிடுங்கள்.