டி.ஐ.சி.: உறைதலும் கசிவும் ஒன்றாக வரும்போது செய்ய வேண்டியவை

கடுமையான நோய்த்தொற்று, பேறுகால இரத்தப்போக்கு, பெருங்காயம், பாம்புக்கடி, சில இரத்தப் புற்றுநோய்கள். இவற்றில் ஒன்று இருக்கும் நோயாளிக்கு ஊசி குத்திய இடத்தில் கசிவு நிற்கவில்லை என்றால், அல்லது விரல் நுனிகள் கருத்தால், உடனே டி.ஐ.சி.யைச் (உடலெங்கும் இரத்தக்குழாய்களுக்குள் இரத்தம் உறையும் நிலை, Disseminated Intravascular Coagulation) சந்தேகியுங்கள். உடலெங்கும் நுண்குழாய்களில் இரத்தம் உறைந்து, தட்டணுக்களும் (பிளேட்லெட்) இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களும் தீர்ந்துபோவதால்தான் கசிகிறது.

மாதிரி எடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நீலமூடி சிட்ரேட் (உறைவதைத் தடுக்கும் உப்பு) குழாயைக் கோடுவரை நிரப்புங்கள். 9 பங்கு இரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட். குறைவாக நிரப்பினால் உறையும் நேரம் பொய்யாக நீளும். 3, 4 முறை மெல்லக் கவிழ்த்துக் கலக்குங்கள், குலுக்க வேண்டாம். ஹெப்பரின் (உறைவெதிர்ப்பு மருந்து) ஓடும் குழாயிலிருந்து எடுக்கவே கூடாது.

டி.ஐ.சி.யைக் கணிக்கும் பன்னாட்டு மதிப்பெண் முறை இது. தட்டணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 1 லட்சத்துக்குக் கீழ் என்றால் மதிப்பெண் 1, 50,000-க்குக் கீழ் 2. டி-டைமர் (உறைகட்டி கரையும்போது வரும் துணுக்கு) ஓரளவு உயர்ந்தால் 2, மிக உயர்ந்தால் 3. புரோத்ராம்பின் நேரம் (இரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் சோதனை) 3 முதல் 6 விநாடி நீண்டால் 1, அதற்கு மேல் 2. ஃபைப்ரினோஜன் (உறைகட்டியை உருவாக்கும் புரதம்) டெசிலிட்டருக்கு 100 மி.கி.க்குக் கீழ் 1. கூட்டுத்தொகை 5 அல்லது அதற்கு மேல் வந்தால் டி.ஐ.சி.யோடு பொருந்துகிறது. அடிப்படை நோய் இல்லாதவரிடம் இந்தக் கணக்குப் பொருந்தாது.

ஒற்றை அறிக்கையை நம்பாதீர்கள். காலையில் 2 லட்சம் இருந்த தட்டணு மாலையில் 1.1 லட்சம் என்றால் மதிப்பெண் பூஜ்யம்தான், ஆபத்து பெரிது. நோய்த்தொற்றில் ஃபைப்ரினோஜன் உயர்வது இயல்பு, அதனால் 'சரியான' அளவும் ஏமாற்றும். நிறைமாதக் கர்ப்பிணிக்கு 200 மி.கி. என்பதே அபாயக் குறி.

மூல நோயை நிறுத்தாமல் எத்தனை பை இரத்தப்பொருள் ஏற்றினாலும் அது தீர்ந்துவிடும். நோய்த்தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக், பாம்புக்கடிக்கு நச்சுமுறி, இதுதான் முதல் வேலை. அதோடு, இரத்தப்போக்கு இருந்து தட்டணு 50,000-க்குக் கீழ் என்றால் தட்டணு ஏற்றலாம். உறையும் நேரம் நீண்டிருந்தால் பிளாஸ்மா, கிலோவுக்கு 15 மி.லி.; 60 கிலோ எடைக்கு ஏறக்குறைய 900 மி.லி. அதன் பின்னும் ஃபைப்ரினோஜன் 150-க்குக் கீழ் என்றால் கிரையோ (ஃபைப்ரினோஜன் செறிந்த பிளாஸ்மா பொருள்). கசிவே இல்லாதவருக்கு எண்ணைத் திருத்த மட்டும் பிளாஸ்மா கொடுப்பது வீண்.

டிரானெக்சாமிக் அமிலத்தைப் பொதுவாகத் தவிருங்கள்; உறுப்புகளில் அடைத்த உறைகட்டி கரைய அது விடாது. பேறுகால இரத்தப்போக்கு விதிவிலக்கு: பிறப்புக்குப் பின் 3 மணி நேரத்துக்குள் 1 கிராம், சிரைவழி, 10 நிமிடத்தில்.