ஸ்போர்ட்ஸ் காரில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா? வீட்டிலேயே காரணம் கண்டுபிடிக்கலாம்

செக் இன்ஜின் விளக்கு எரிந்ததும் பலர் செய்வது இரண்டில் ஒன்று. ஸ்கேனரைச் செருகி, வந்த எரர் கோடை அழித்துவிடுவார்கள். இல்லையென்றால் அதில் பெயர் வந்த பாகத்தை வாங்கி மாட்டிவிடுவார்கள். இரண்டுமே வேண்டாம். காய்ச்சல் இருக்கிறது என்று தெர்மாமீட்டர் சொல்லும், எதனால் என்று சொல்லாது. எரர் குறியீடும் அப்படித்தான். புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் பெயரில் குறியீடு வந்தது என்று நான் ஒருமுறை புது சென்சார் மாட்டினேன். விளக்கு மறுநாளே திரும்ப எரிந்தது. காற்றுக் குழாய் ஒன்றில் இருந்த விரிசல்தான் உண்மையான காரணம். பழைய சென்சார் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

முதலில், விளக்கு எப்படி எரிகிறது?

விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் வழக்கம்போல ஓடினால் பதற்றம் வேண்டாம். மெதுவாக ஓட்டி வீடு வந்து சேரலாம். விட்டு விட்டு மின்னினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, அதாவது மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அது அளவுமீறிச் சூடாகி உள்ளே உருகிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஓரமாக நிறுத்துங்கள். ஆயில் பிரஷர் விளக்கோ சூட்டு எச்சரிக்கையோ சிவப்பில் எரிந்தால் உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். அந்த வண்டியை ஓட்டியே கொண்டுபோக நினைக்க வேண்டாம்.

ஸ்கேனரைச் செருகுவதற்கு முன்

பெட்ரோல் மூடி 'கிளிக்' சத்தம் வரும்வரை இறுகியிருக்கிறதா பாருங்கள். மூடி தளர்ந்தால் ஆவி கசிந்து பி0455 போன்ற குறியீடு வரும். மூடியை இறுக்கிய பிறகும் விளக்கு அணையச் சில நாள் ஓட்டம் பிடிக்கும்.

அப்புறம் பேட்டரி. ஸ்போர்ட்ஸ் கார்கள் பல வாரம் அசையாமல் நிற்பது சகஜம். பேட்டரி இறங்கிப்போனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குறியீடுகள் கூட்டமாக வந்து குழப்பும். இன்ஜின் அணைந்து சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் அளவு இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும்.

குறியீட்டைப் படியுங்கள், அழிக்காதீர்கள்

அமெரிக்காவில் 1996 முதல் விற்ற கார்களிலும், ஐரோப்பாவில் 2001 முதல் வந்த பெட்ரோல் கார்களிலும் ஸ்கேனரைச் செருகும் ஓபிடி-2 சாக்கெட் இருக்கும். 16 பின் கொண்ட அது பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் இருக்கும். கையடக்க ஸ்கேனரோ, போனோடு பேசும் புளூடூத் அடாப்டரோ போதும். வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: குறியீட்டோடு லைவ் டேட்டாவும் (சென்சார்கள் அந்த நேரத்தில் தரும் அளவுகள்) ஃப்ரீஸ் ஃப்ரேமும் காட்ட வேண்டும்.

இக்னிஷனை ஆன் செய்து படியுங்கள். வந்ததை எல்லாம், பெண்டிங் (இன்னும் உறுதியாகாதவை) என்று காட்டுவதையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டாவது எழுத்து 0 என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு. 1 என்றால் அந்த நிறுவனத்தின் சொந்தக் குறியீடு, அதற்கு உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் தேவை.

அடுத்தது ஃப்ரீஸ் ஃப்ரேம். கோளாறு பதிவான நொடியில் ஆர்பிஎம், வேகம், கூலன்ட் சூடு, இன்ஜின் சுமை எவ்வளவு என்று அது காட்டும். குளிர்ந்த இன்ஜின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) நின்றபோது வந்ததா, 5,000 ஆர்பிஎம்மில் முழு ஆக்சிலரேட்டரில் வந்ததா? தேட வேண்டிய இடமே இதனால் மாறிவிடும். குறியீட்டை அழித்தால் இதுவும் சேர்ந்து அழிந்துபோகும். அழிக்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

மிஸ்ஃபயர் என்றால் (பி0300 முதல்)

கடைசி இரண்டு இலக்கங்கள்தான் சிலிண்டர். பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டர். பி0300 என்றால் ஒரே சிலிண்டர் என்று சொல்ல முடியவில்லை என்று பொருள். எண்ணுவது எந்தப் பக்கத்திலிருந்து என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக இருக்கும் வி6, வி8, பாக்ஸர் இன்ஜின்களில் ஊகிக்கவே கூடாது, மேனுவலைப் பாருங்கள். குறியீட்டு விளக்கத்தில் 'பேங்க் 1' என்று வந்தால், முதல் சிலிண்டர் இருக்கும் வரிசை அது.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூன்றாவது சிலிண்டரின் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) கழற்றி முதல் சிலிண்டரில் மாட்டுங்கள். முதலாவதின் காயில் மூன்றாவதற்கு. எல்லாவற்றையும் தாளில் எழுதிவிட்டதால், இப்போது குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். பி0301 வந்தால் காயில்தான் குற்றவாளி. பி0303 தானே மறுபடி வந்தால் காயில் தப்பித்தது. அடுத்து ஸ்பார்க் பிளக்கை இதேபோல மாற்றிப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், அதற்கும் பிறகுதான் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம். பிளக்கை மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகி, கடைசியில் டார்க் ரெஞ்ச்சால் மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். சிலிண்டர் ஹெட் அலுமினியம், மரை போய்விட்டால் பெரிய வேலை. பாக்ஸர் இன்ஜினிலும், இன்ஜின் நடுவில் உட்கார்ந்திருக்கும் கார்களிலும் காயிலுக்குக் கை எட்டுவதே சிரமம். அதற்கு ஒரு நாளை ஒதுக்குங்கள்.

'லீன்' என்றால் (பி0171, பி0174)

காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று காரின் கம்ப்யூட்டர் சொல்கிறது. இதில்தான் ஸ்கேனர் தன் மதிப்பைக் காட்டும். கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதுதான் ஃபியூயல் ட்ரிம். லைவ் டேட்டாவில் ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது. கூட்டல் பத்து சதவீதத்தைத் தாண்டினால், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிச் சமாளிக்கிறது.

சூடான இன்ஜினை ஐடிலில் விட்டுப் படியுங்கள். பிறகு 2,500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு படியுங்கள். ஐடிலில் 20 காட்டியது 2,500இல் 4 ஆக இறங்கினால் வேக்கம் லீக், அதாவது அளக்கப்படாத காற்று எங்கோ கசிந்து உள்ளே நுழைகிறது. ஐடிலில் த்ராட்டில் என்ற காற்று வால்வு வழியே வரும் காற்று கொஞ்சம்தான், அதனால் சின்னக் கசிவும் பெரிய பங்காகிவிடும். ஆர்பிஎம் ஏறினால் அது அடங்கிப்போகும். மாறாக, சுமை ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரையோ, பெட்ரோல் பம்பையோ, ஃபில்டரையோ சந்தேகப்படுங்கள். எண்ணெய் பூசும் பந்தய வகை ஏர் ஃபில்டர் மாட்டியிருந்தால், அதிகமாகப் பூசிய எண்ணெய் மாஃப் கம்பியில் படியும். மாஃப் சென்சாருக்கென்றே உள்ள கிளீனரை மட்டும் அடியுங்கள், கையால் தொடாதீர்கள்.

இந்தச் சோதனையைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். மூடிய கராஜில் இன்ஜின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுத்துவிடும்.

டர்போ காரில் பி0299

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ தர வேண்டிய அழுத்தம் வரவில்லை. டர்போவே போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக த்ராட்டில் வரை போகும் குழாய்களில் கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா, எண்ணெய்க் கறையோடு விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது 'உஸ்' சத்தமும் கரும்புகையும் வந்தால் கசிவு அங்கேதான். இதற்குக் காரின் அடியில் போக வேண்டியிருக்கும். தாழ்வான கார் என்பதால் மேனுவல் காட்டும் இடத்தில்தான் ஜாக்கி வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம்.

பி0420

கன்வெர்ட்டர் சரியாகச் சுத்திகரிக்கவில்லை என்ற புகார். சைலன்சர் செட்டை மாற்றி, புகையை எளிதாக வெளியே விடும் ஹை ஃப்ளோ கன்வெர்ட்டர் போட்ட கார்களில் இது அடிக்கடி வரும். பழைய கன்வெர்ட்டரே இருந்தால் முதலில் மிஸ்ஃபயரையும் புகைக் குழாய்க் கசிவையும் சரிசெய்யுங்கள். அவை இருக்கும்போது புதுக் கன்வெர்ட்டர் மாட்டினால் அதுவும் கெடும்.

சரிசெய்த பிறகு

குறியீட்டை அழித்துவிட்டு, குளிர்ந்த இன்ஜினிலிருந்து தொடங்கி ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் சில நாள் ஓட்டுங்கள். பல கோளாறுகள் அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் தென்பட்டால்தான் விளக்கு எரியும். அதனால் விளக்கு அணைந்திருந்தாலும் ஸ்கேனரைத் திரும்பச் செருகி, பெண்டிங் பட்டியல் காலியாக இருக்கிறதா, ரெடினஸ் மானிட்டர்கள் (கார் தன்னைத் தானே செய்துகொள்ளும் சோதனைகள்) எல்லாம் முடிந்தன என்று காட்டுகிறதா என்று பாருங்கள். லீன் குறியீடு வந்த கார் என்றால் ஃபியூயல் ட்ரிம்மையும் அதே இரண்டு ஆர்பிஎம்மில் மறுபடி படித்து, முன்பு எழுதிய தாளில் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.