இரண்டாவது பைக் வாங்கப் போகிறீர்களா?

125 சிசி பைக்கில் கை நன்றாகப் பழகிவிட்டது, அடுத்து பெரிதாக ஒன்று வேண்டும் என்றால் சிசியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 400 சிசி ஒற்றை சிலிண்டர் பைக் பெரும்பாலும் சாதுவாகவே போகும். 600 சிசி நான்கு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் பைக்கோ 100 குதிரைத்திறனைத் தாண்டும். த்ராட்டிலைக் கொஞ்சம் கூடுதலாகத் திருகினாலே பாய்ந்துவிடும். நேராக அதற்குத் தாவ வேண்டாம். 300 முதல் 500 சிசிக்குள் ஓர் இரட்டை சிலிண்டர் பைக், என்னைக் கேட்டால், தாராளமாகப் போதும். நெடுஞ்சாலையிலும் திணறாது.

பலரும் மறப்பது எடையை. ஓடும்போது அது தெரியாது, பார்க்கிங்கில் பின்னால் தள்ளும்போதுதான் தெரியும். அதனால் ஷோரூமிலேயே இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளிப் பாருங்கள், ஹேண்டிலை முழுக்க ஒடித்துத் திருப்பியும் பாருங்கள். உட்கார்ந்தால் இரண்டு கால்களின் முன்பாதமாவது தரையில் உறுதியாகப் பதிய வேண்டும். சீட் உயரம் குறைவாக இருந்தாலும் அகலமாக இருந்தால் கால் எட்டாது, அதையும் கவனியுங்கள்.

ஏபிஎஸ் (சட்டென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத மாடலா? வேண்டவே வேண்டாம். அப்புறம், டயர், செயின் செட், இன்சூரன்ஸ் இவற்றின் விலையையும் முன்பே விசாரித்துவிடுங்கள். அகலமான ஸ்போர்ட்ஸ் டயர் விலையும் அதிகம், சீக்கிரமே தேய்ந்தும் போகும்.