இரண்டு தொண்டு அமைப்புகள் ஒன்றாக இணைய: சென்னை அமைப்புகளுக்கு ஒரு வழிமுறை

வியாசர்பாடியில் மாலைநேரப் படிப்பகம் நடத்தும் ஒரு சங்கமும், பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் அதே பணியைச் செய்யும் ஓர் அறக்கட்டளையும் இணைய விரும்புவதாக வைத்துக்கொள்வோம். இத்தகைய பேச்சு பெரும்பாலும் யார் தலைவர், எந்தப் பெயர் நிலைக்கும் என்பதில் தொடங்கி அங்கேயே சிக்கிக்கொள்கிறது. அதை ஒத்திவைத்து, இணைந்தபின் எந்தக் குழந்தைக்கு இன்று கிடைக்காத எது கிடைக்கும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, இரு நிர்வாகக் குழுவினரும் கையொப்பமிட வேண்டும். அந்தப் பக்கத்தை எழுத முடியவில்லை என்றால் இணைப்பு தேவையில்லை. கணக்காளரையும் பயிற்சியாளரையும் பகிர்ந்துகொள்ளும் புரிந்துணர்வு ஒப்பந்தமே போதுமானது.

எழுத முடிந்தால், எந்த அமைப்பு நீடிப்பது என்ற கேள்வி வரும். இதைப் பாசத்தைக் காட்டிலும் சட்டமே தீர்மானிக்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவான இரு சங்கங்கள் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்டப் பதிவாளர் வழியாக இணையலாம். அறக்கட்டளையானால் அதன் பத்திரம் இணைப்புக்கு இடமளிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடமளிக்காவிட்டால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தை நாட நேரிடலாம். நிறுவனங்கள் சட்டம், 2013இன் 8ஆம் பிரிவின் கீழ் பதிவான லாப நோக்கமற்ற நிறுவனமோ, ஒத்த நோக்கமுள்ள மற்றொரு 8ஆம் பிரிவு நிறுவனத்துடன் மட்டுமே இணைய முடியும். நம் எடுத்துக்காட்டில் உள்ளதுபோல் வடிவங்கள் வேறுபட்டால், ஒன்று தன் பணியையும் சொத்தையும் மற்றதிடம் ஒப்படைத்துவிட்டுக் கலைவதே நடைமுறை வழி.

மிகுந்த கவனம் தேவைப்படுவது வெளிநாட்டு நன்கொடையில்தான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2020இல் வந்த திருத்தத்திற்குப் பின், ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டுத் தொகையை வேறெந்த அமைப்புக்கும், அதுவும் இச்சட்டப்படி பதிவு பெற்றிருந்தாலும்கூட, மாற்ற இயலாது. இந்தப் பதிவை அரசிடம் திருப்பி ஒப்படைத்தால், வெளிநாட்டுத் தொகையில் வாங்கிய மேசை, கணினி, வேன் உட்பட எல்லாச் சொத்தும் அரசு நியமிக்கும் அதிகாரியின் பொறுப்பில் சென்றுவிடும். ஆகவே இருவரில் ஒருவருக்கு மட்டும் இப்பதிவு இருந்தால், அவரது அமைப்பே நீடிப்பது நல்லது. சொத்துப் பதிவேட்டை வரிவரியாகப் பார்த்து, ஒவ்வொரு பொருளும் எந்தப் பணத்தில் வாங்கப்பட்டது என்று குறித்துவைப்பது சலிப்பூட்டும் வேலை. ஆனால் அதைத் தவிர்க்கவே கூடாது.

வருமான வரியிலும் ஓர் ஆபத்து உண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2016இல் சேர்க்கப்பட்ட 115டிடி பிரிவின்படி, வரிவிலக்குப் பதிவு பெற்ற அமைப்பு, அப்பதிவோ ஒத்த நோக்கமோ இல்லாத அமைப்புடன் இணைந்தால், அதன் நிகரச் சொத்தின் சந்தை மதிப்புக்கு உச்ச விகிதத்தில் வரி விதிக்கப்படும். கலைந்த மாதத்தின் இறுதியிலிருந்து 12 மாதங்களுக்குள் சொத்தைப் பதிவு பெற்ற அமைப்புக்கு மாற்றாவிட்டாலும் இதே நிலைதான். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. பட்டயக் கணக்காளரிடம் புதிய எண்ணைக் கேட்டு, அதையே தீர்மானத்தில் குறிப்பிட வேண்டும்.

இவை முடிந்தபின் பணியாளர்களிடம் சொல்லலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு என்பதே என் உறுதியான கருத்து. மாதச் சம்பளத்தை நம்பியிருக்கும் படிப்பக ஆசிரியைக்கு வதந்தி வழியாகச் செய்தி போனால், அவர் வேறு வேலை தேடிப் போய்விடுவார். குழந்தைகளும் படிப்பகத்துக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். முதல் தீர்மானம் நிறைவேறிய வாரத்திலேயே பணியாளர்களை அழைத்துப் பேசி, பழைய பணிக்காலம் பணிக்கொடைக்குத் தொடர்ந்து கணக்கிடப்படும் என்பதையும், வருங்கால வைப்பு நிதியின் பொதுக் கணக்கு எண் (UAN) மாறாது என்பதையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதமாகத் தமிழில் எழுதிக் கொடுங்கள்.