மலையக ஈரத்தில் ரோமக் காசு சேர்ப்பது எப்படி

ரோமக் காசு என்றதும் பொன்னும் வெள்ளியும்தான் நினைவுக்கு வரும். இலங்கை மண்ணில் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை 4ஆம், 5ஆம் நூற்றாண்டுச் செப்புச் சல்லிகள். சுண்டுவிரல் நகமளவுதான், பலவும் 2 கிராம்கூட இராது. அவற்றைப் பார்த்து இங்கே செய்த காசுகளும் உண்டு. எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் கோடும் புள்ளியுமாய் இருக்கும். அக்காலச் சந்தையில் புழங்கிய காசு அது, போலியென்று ஒதுக்கிவிடாதீர்கள்.

முதலில் 0.01 கிராம் வரை காட்டும் தராசும், மாணிக்கக்கல் பார்க்கும் 10 மடங்கு லென்ஸும் வாங்குங்கள். ரோமப் பேரரசர் கிளாடியஸ் காலத்தில் இலங்கையில் கரைசேர்ந்த ரோமரிடமிருந்த தெனாரியஸ் என்னும் வெள்ளிக்காசுகளில் முகங்கள் வெவ்வேறாக இருந்தும் எடை ஒன்றாக இருந்ததைக் கண்டு இங்கிருந்த அரசர் வியந்ததாக ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். நீங்களும் எடையிலிருந்தே தொடங்குங்கள். பேரரசர் அகஸ்டஸின் தெனாரியஸ் ஏறக்குறைய 3.9 கிராம், கி.பி. 64இல் பேரரசர் நீரோ குறைத்தபின் 3.4 கிராம். தேய்ந்த காசின் எடை சற்றுக் குறைந்திருக்கலாம், கூடியிருக்காது. விளிம்பைச் சுற்றி ஒரு தையல்கோடு, முகத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரிந்தால் அது அச்சில் அடித்ததல்ல, வார்த்தது. வாங்காதீர்கள்.

செப்புச் சல்லியில் எழுத்து தேய்ந்திருந்தாலும் பின்பக்கப் படம் காலத்தைச் சொல்லும். இரு வீரர் நடுவே இரண்டு கொடிக்கம்பம் என்றால் 330ஐ ஒட்டியது. ஒரே கம்பம் என்றால் அதற்குச் சில ஆண்டுகள் பின். குதிரையிலிருந்து சரிபவனை வீரன் ஈட்டியால் குத்தினால் 348க்குப் பின். மலர்வளையத்துள் சிலுவை மட்டும் இருந்தால் பெரும்பாலும் 5ஆம் நூற்றாண்டு.

இனி ஈரம். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் காசைக் கெடுப்பது இதுதான். மண்ணுக்குள் கிடந்த செம்பில் உப்பு ஊறியிருக்கும். காற்றின் ஈரம் பட்டதும் அந்த உப்பு அமிலமாகிச் செம்பை அரிக்கும். வெளிர்பச்சை மாவு பூக்கும். பல்குத்தும் குச்சியால் சுரண்டிப் பாருங்கள். கெட்டியாக நிற்கும் கரும்பச்சை நல்ல களிம்பு, அதைத் தொடவேண்டாம். மாவாக உதிர்ந்து, சில நாளில் அதே இடத்தில் மறுபடி பூத்தால் நோய்.

குத்துவிளக்குத் துலக்குவதுபோல் புளியோ தேசிக்காயோ போட்டால் களிம்போடு முகமும் எழுத்தும் போய்விடும். மாவை லென்ஸின் கீழ் குச்சியால் முழுதும் எடுத்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போடுங்கள். முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை நீர் மாற்றுங்கள். சில வாரங்கள் பிடிக்கும். அந்த நீரைக் கடையில் 'பற்றரித் தண்ணி' என்று கேட்டு வாங்கினால் அசிட் கலந்த போத்தல் கைக்கு வரலாம், லேபலைப் பாருங்கள். ஊறியதை நன்றாகக் காயவைத்து, மற்றக் காசுகளோடு சேர்க்காமல் ஒரு மாதம் தனியே வைத்துக் கவனியுங்கள்.

நல்ல காசுகளை இறுக மூடும் 1 லீற்றர் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் செம்மஞ்சள் சிலிக்கா ஜெல் மணிகள் 50 கிராமுடன் வையுங்கள். மணிகள் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். 120 பாகை செல்சியஸில் இரண்டு மணிநேரம் சூடாக்கினால் மீண்டும் உதவும். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், அது கசிந்து காசில் பச்சைப் பசையாக ஒட்டும். பனிமூட்டம் இறங்கும் மாலையில் டப்பாவைத் திறக்காதீர்கள். பெப்ரவரி மாத வெயில் நண்பகல்தான் காசு பார்க்க நல்ல நேரம்.

மண்ணைத் தோண்டிக் காசு தேடக்கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி மண்ணில் கண்டெடுக்கும் பழம்பொருள் அரசுக்குரியது, அதைத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். பழங்காசை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் முடியாது. காசு வாங்கிய பற்றுச்சீட்டைக் காசின் படம், எடை, விட்டம் எழுதிய அட்டையுடன் சேர்த்து, டப்பாவுக்கு வெளியே வேறாக வையுங்கள். காகிதமும் ஈரத்தை இழுக்கும்.