ஹாலோவீன் இரவுக்கு மூன்று பழைய திகில் படங்கள்: பிரதியும் இருட்டும் சரியாக இருக்கட்டும்

பழைய திகில் படம் இப்போது பயமுறுத்துவதில்லை என்கிறவர்கள் பெரும்பாலும் பார்த்தது மோசமான பிரதியை. அதுவும் விளக்கு எரியும் கூடத்தில். இரண்டையும் சரிசெய்துவிட்டு, பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 மாலை ஆறரைக்குத் தொடங்கினால், நள்ளிரவுக்குள் மூன்று படங்கள் நிம்மதியாகப் பார்க்கலாம். நான்காவதைத் திணிக்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் பயம் வராது.

டிவியைப் பகலிலேயே தயார் செய்யுங்கள். பட மெனுவில் ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ மோட். மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள். சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன் என்று இருக்கும். படத்தில் இல்லாத ஃபிரேம்களை அது தானே உருவாக்கிச் செருகுவதால் எல்லாமே சீரியல் மாதிரி ஆகிவிடும். மின்சிக்கன மோடும் வேண்டாம்; அறை இருண்டதும் திரையையும் மங்கலாக்கிவிடும். கண் கூசினால் டிவிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி ஒரு சின்ன விளக்கு வைத்தால் போதும்.

முதல் படம் ‘ஃபிராங்கென்ஸ்டைன்’ (1931), 70 நிமிடம். அமெரிக்காவில் அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வாசல் மணியை அடிப்பார்கள். இடையில் எழுந்து போய்வந்தாலும் கதை விட்டுப்போகாது. ஆனால் அந்த அரக்க உருவமாக நடித்த போரிஸ் கார்லாஃப் முதன்முதலில் வரும் இடத்தில் மட்டும் எழுந்திருக்கக் கூடாது. முதுகைக் காட்டியபடி உள்ளே வந்து, மெதுவாகத் திரும்புவார். காமிரா வெட்டி வெட்டி முகத்தருகே போகும். பின்னணி இசை கிட்டத்தட்ட இல்லாத படம் என்பதால் மின்விசிறிச் சத்தம்கூட இடைஞ்சல்தான். திரையின் இருபக்கமும் கறுப்புப் பட்டை இருப்பதுதான் சரி, இழுத்து நிரப்பாதீர்கள். ஏரிக்கரையில் அந்த உருவம் ஒரு சிறுமியைத் தண்ணீரில் எறியும் காட்சியை ஒருகாலத்தில் வெட்டியிருந்தார்கள், இன்றைய பிரதிகளில் உண்டு. சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் நினைவில் வையுங்கள்.

எட்டு மணிக்கு ஜெர்மன் இயக்குநர் முர்னாவின் மௌனப் படம் ‘நோஸ்ஃபெராட்டு’ (1922). பிரதியைத் தேர்ந்தெடுப்பதில் அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். அந்தக் காலத்து ஃபிலிமில் இரவில் படம்பிடிப்பது கடினம் என்பதால் இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்து, ஃபிலிமுக்கு நீலச் சாயம் ஏற்றினார்கள். சாயமில்லாத வெறும் கறுப்பு வெள்ளைப் பிரதியில், காட்டேரியான ஓர்லாக் பிரபு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் தெருவில் நடப்பது போலிருக்கும். வெயில் பட்டால் சாகிற காட்டேரி பகலில் உலவினால் கதையே குலைந்துபோகாதா? ஆகவே இரவு நீலமாகவும், விளக்கு வெளிச்சம் மஞ்சளாகவும் இருக்கும் பிரதியைத் தேடுங்கள். நீளம் சுமார் 94 நிமிடம். ஒரு மணி நேரத்தை ஒட்டியே முடிகிற பிரதி என்றால் வெட்டியிருப்பார்கள், அல்லது வேகத்தைக் கூட்டி ஓட்டியிருப்பார்கள். மனிதர்கள் துள்ளித் துள்ளி நடந்தால் வேகம்தான் காரணம். காட்டில் குதிரை வண்டி விரைவதும், மரங்கள் நெகட்டிவில் வெளுத்துத் தெரிவதும் மட்டும் வேண்டுமென்றே செய்தவை. இசைக்கு, ஹான்ஸ் எர்ட்மன் அன்று அமைத்ததைத் தழுவிய பிரதி நல்லது.

பத்து மணிக்கு ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978), 91 நிமிடம். அகலத்திரைப் படம். மேலும் கீழும் பட்டை இல்லாமல் திரை முழுக்க நிரம்பினால் ஓரங்களை வெட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். கொலைகாரன் நிற்பதே அந்த ஓரங்களில்தான். பிரைட்னஸைச் சோதிக்கவும் இந்தப் படமே போதும். முடிவுக்குச் சற்று முன்பு லாரி என்ற நாயகி கதவோரம் அழுதுகொண்டு நிற்பாள். பக்கத்து இருட்டு வாசலில் வெள்ளை முகமூடி ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் துலங்கும். ஒரு விளக்கை மெல்ல ஏற்றிச் செய்த வேலை அது. பிரைட்னஸ் குறைவாக இருந்தால் முகமூடி இருட்டிலிருந்து வெளிவரவே வராது. கூடுதலாக இருந்தால் வாசல் சாம்பல் நிறமாகி, அவன் முதலிலேயே தெரிந்துவிடுவான். ஏற்கெனவே படம் பார்த்த ஒருவர் பகலில் திரைச்சீலையை மூடிக்கொண்டு இதைச் சரிபார்த்து வைக்கட்டும்.

ஸ்ட்ரீமிங்கில் பார்த்தால், அடுத்ததைத் தானாக ஓட்டும் வசதியையும் அணைத்துவையுங்கள். ‘ஹாலோவீன்’ கடைசியில் வெறுமையான அறைகளும் மாடிப்படியும் வீடுகளும் ஒவ்வொன்றாக வரும், மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் திரை சுருங்கி இன்னொரு விளம்பரம் வந்தால் இவ்வளவு பாடும் வீண். பெயர்கள் ஓடி முடியும்வரை யாரும் விளக்கைப் போட வேண்டாம்.